தைராய்டு லேசாகக் குறைந்தால்: ஆயுர்வேதத்தின் துணையும் அதன் எல்லையும்

வங்கி ஊழியர்களுக்கு ஆண்டு உடற்பரிசோதனை நடைபெறும் வாரத்தில், மதிய உணவு மேசையில் பேசப்படும் எண்கள் வட்டி விகிதங்களாக இருப்பதில்லை. முன்பெல்லாம் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதே பேச்சாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அந்த வரிசையில் டி.எஸ்.எச். என்ற மூன்றெழுத்தும் சேர்ந்துகொண்டுள்ளது. ஒருவருக்கு 5.8, மற்றொருவருக்கு 7.2. அறிக்கையில் அந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருப்பதைக் கண்டதும் முகம் வாடிவிடுகிறது. “இனி ஆயுள் முழுவதும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையா?” என்பது முதல் கேள்வி. “ஆயுர்வேதத்தில் இதற்கு ஏதேனும் உண்டா?” என்பது அடுத்த கேள்வி.

இந்த இரண்டாவது கேள்வியை ஜெய்ப்பூரிலும் கேட்டிருக்கிறோம், கான்பூரிலும் கேட்டிருக்கிறோம். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் இரண்டு கோடிகளில் நின்றுவிடுகின்றன. ஒரு சாரார், மூலிகையால் தைராய்டை வேரோடு அகற்றலாம் என்பர். மறுசாரார், ஆயுர்வேதம் என்ற சொல்லைக் கேட்டாலே கையசைத்து ஒதுக்குவர். வணிகவியல் படித்து, பற்றுவரவு பார்த்துப் பழகிய எங்களுக்கு மருத்துவம் சொல்லித்தரும் தகுதி இல்லை. எனினும் எண்களை எப்படிப் படிக்க வேண்டும், எந்தக் கூற்றுக்கு என்ன சான்று இருக்கிறது என்று கேட்பது எங்கள் தொழில். அந்தக் கண்ணோடு இருதரப்பு மருத்துவர்களிடமும் கேட்டறிந்தவற்றையும் படித்தறிந்தவற்றையும் இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

தலைமை அலுவலகமும் கிளையும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்துள்ளது தைராய்டு சுரப்பி. எடை ஏறத்தாழ 20 கிராம். இது சுரக்கும் தைராக்சின் என்னும் டி-4, உடலில் டி-3 ஆக மாறி, இதயத் துடிப்பு, உடல் வெப்பம், செரிமானம், தோல், முடி, மாதவிடாய், மனநிலை ஆகிய அனைத்தின் வேகத்தையும் நிர்ணயிக்கிறது. டி.எஸ்.எச். என்பதோ தைராய்டில் சுரப்பது அன்று. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் தூண்டுதல் அது.

எங்கள் மொழியில் சொல்வதானால், பிட்யூட்டரி தலைமை அலுவலகம், தைராய்டு கிளை. கிளையின் வைப்புத்தொகை இலக்கை எட்டவில்லை என்றால் தலைமை அலுவலகத்திலிருந்து நினைவூட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கும். குறைவு கூடக் கூட, கடிதங்களும் கூடும். அந்தக் கடிதங்களின் எண்ணிக்கைதான் டி.எஸ்.எச். ஆகவே அது உயர்ந்தால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று பொருள். தைராய்டு கூடிவிட்டது என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பெரும்பாலான ஆய்வகங்களில் டி.எஸ்.எச்.சின் இயல்பு எல்லை ஏறத்தாழ 0.4 முதல் 4.5 வரை. டி.எஸ்.எச். இதற்கு மேலிருந்தும் டி-4 இயல்பாகவே இருந்தால் அதனை லேசான, அதாவது முழுமையாக வெளிப்படாத தைராய்டு குறைவு என்கிறார்கள். கிளை இலக்கை எட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் கடிதங்களின் விரட்டலால் எட்டுகிறது. இந்தியாவின் 8 நகரங்களில் 5,376 பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, 100 பேரில் ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருப்பதைக் கண்டது. 

லேசான வகையைப் பற்றி எல்லோரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர்களில் கணிசமானோருக்கு, எந்த மருந்தும் இல்லாமலே அடுத்த பரிசோதனையில் எண் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. காய்ச்சலிலிருந்து மீண்ட உடலும், அன்றாட ஏற்ற இறக்கமும் எண்ணை உயர்த்திக் காட்டக்கூடும். அதனால்தான் 10க்குக் கீழ் இருக்கும்போது, மருத்துவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்து பார்த்த பின்னரே முடிவெடுக்கிறார்கள். முதியோருக்கு எண் சற்று உயர்ந்திருப்பது வயதின் இயல்பாகவும் இருக்கலாம். 65 வயதைக் கடந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், லேசான குறைவுக்குத் தைராக்சின் மாத்திரை கொடுத்தபோது சோர்வு முதலிய அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. ஆகவே “மாத்திரை இப்போதே தேவையா?” என்று கேட்பவர் மூடநம்பிக்கையாளர் அல்லர். நவீன மருத்துவமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இமயத்து நீரும் உப்பும்

தைராய்டு என்ற சுரப்பியையோ அதன் சுரப்பையோ பண்டை ஆயுர்வேத நூல்கள் அறியா. அவை அறிந்தது கழுத்தில் தோன்றும் வீக்கம். அதற்குக் கலகண்டம் என்று பெயர். சரக சங்கிதை, கழுத்தின் பக்கத்தில் ஒற்றையாகத் தோன்றும் வீக்கத்தைக் கலகண்டம் என்றும், பலவாகத் தோன்றுவதைக் கண்டமாலை என்றும் பிரிக்கிறது. சுசுருத சங்கிதை, வாதம், கபம், மேதஸ் என்னும் கொழுப்புத் தாது ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு கலகண்டத்தை வகைப்படுத்துகிறது. அந்நூலின் நீரைப் பற்றிய பகுதியில் வியப்பூட்டும் குறிப்பொன்று உள்ளது. இமயத்தில் தோன்றும் ஆறுகளின் நீர் கலகண்டத்தை உண்டாக்கும் நோய்களுக்குக் காரணமாகச் சுட்டப்படுகிறது.

இதனை வெறும் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. மழையும் பனியும் அரித்துச் சென்ற மலைச்சரிவு மண்ணில் அயோடின் குறைவு. அந்த மண்ணில் விளைந்த தானியத்திலும் அந்த நீரிலும் அயோடின் குறைவு. இமய அடிவாரத்தில் கழுத்துவீக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956இல் தொடங்கி, இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வு நடத்தினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில், அயோடின் உப்பு கிடைத்த பகுதிப் பள்ளிச் சிறாரிடையே கழுத்துவீக்கம் வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழுத்துக்கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று நம் அடுக்களையில் இருக்கும் உப்புப் பொட்டலத்தின் வரலாறு அதுவே. உற்பத்தி நிலையில் பத்து லட்சத்தில் 30 பங்கும், நுகர்வோர் கையில் சேரும்போது குறைந்தது 15 பங்கும் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். கருவுற்ற தாய்க்கு 250.

இங்கே ஒரு முரண் புகுந்திருப்பதைக் காண்கிறோம். ஆயுர்வேதம் உப்புகளுள் இந்துப்பைச் சிறந்ததாகப் போற்றுகிறது. அதைக் கேட்டு, நகரங்களில் பல குடும்பங்கள் அயோடின் உப்பை அறவே விட்டு இளஞ்சிவப்பு இந்துப்புக்கு மாறிவிட்டன. தனியாக அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பில் நமக்குத் தேவையான அளவு அயோடின் இல்லை. இந்துப்பு வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த பொட்டலமாகப் பார்த்து வாங்கலாம். அல்லது விரத நாள்களோடு அதனை நிறுத்திக்கொள்ளலாம். தைராய்டைக் காக்க வேண்டும் என்று எண்ணி, தைராய்டின் மூலப்பொருளையே வீட்டிலிருந்து வெளியேற்றுவது எந்தச் சாத்திரத்திலும் சேராது. அதற்காக அயோடினை அளவுக்கு மீறி, கடற்பாசி மாத்திரைகளாக விழுங்குவதும் தவறே. மிகுதியும் சுரப்பியைத் தடுமாறச் செய்யும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அயோடின் உப்பு பரவிய பின்னும் தைராய்டு குறைவு நகரங்களில் மிகுதியாகக் காணப்படுவதற்கு முதன்மைக் காரணம் வேறு. உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் அது. 1912இல் இதனை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயரே நோய்க்கும் ஆயிற்று. டி.பி.ஓ. எதிர்ப்பொருள் பரிசோதனையால் இது தெரியவரும். எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு லேசான குறைவு, காலப்போக்கில் முழுக் குறைவாக மாறும் வாய்ப்பு மிகுதி. அவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

காஞ்சனாரமும் அமுக்கராவும்

இன்றைய ஆயுர்வேத மருத்துவர்கள் தைராய்டு குறைவைப் பெரும்பாலும் அக்கினி மந்தம், கப மிகுதி, மேதஸ் தாதுவின் கெடுதல் என்ற சொற்களால் விளங்கிக்கொள்கிறார்கள். உடல் கனத்தல், மலச்சிக்கல், தோல் வறட்சி, குளிர் தாங்காமை, பகலிலும் தூக்கம் என்னும் அறிகுறிகளைப் பார்த்தால் அந்த விளக்கம் பொருந்துவதாகவே தோன்றும். சிகிச்சையும் அதற்கேற்பச் செரிமானத்தைத் தூண்டுவதிலிருந்து தொடங்குகிறது.

மருந்துகளில் முதலிடம் பெறுவது காஞ்சனார குக்குலு. சார்ங்கதர சங்கிதையில் கண்டமாலை முதலிய வீக்கங்களுக்கு உரியதாகக் கூறப்பட்ட மருந்து இது. காஞ்சனாரம் என்பது மந்தாரை இனத்து மரம். வட இந்தியாவில் குளிர்காலம் முடியும் தறுவாயில் அதன் மொட்டுகளைச் சந்தையில் குவித்து விற்பார்கள். தயிரோ மசாலாவோ சேர்த்துச் சமைப்பார்கள். உத்தரப் பிரதேசத்தில் பணியாற்றியவர்கள் அந்தக் கறியை மறந்திருக்க மாட்டார்கள். மருந்துக்கு உதவுவது மரப்பட்டை. அதனுடன் திரிபலா, திரிகடுகு, மாவிலங்கப் பட்டை, ஏலம், இலவங்கப்பட்டை, பத்திரி இலை ஆகியவை சேர்ந்து, அனைத்துக்கும் சமமான அளவு குக்குலுப் பிசினுடன் இடித்து மாத்திரையாக்கப்படுகிறது. ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் முட்செடியின் பிசின் குக்குலு. மிகையாகக் கீறி எடுத்ததால் அச்செடி இன்று அழியும் விளிம்பில் உள்ள தாவரங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. விலை ஏறியதும் கலப்படம் பெருகியதும் அதன் விளைவே.

காஞ்சனார குக்குலு கழுத்து வீக்கத்துக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவருகிறது என்பது உண்மை. ஆயினும் மரபுவழிப் பயன்பாடு வேறு, டி.எஸ்.எச். எண்ணைக் குறைக்கும் என்று பெரிய ஆய்வுகளால் நிறுவப்படுவது வேறு. குக்குலுவின் மற்றொரு புகழை எடுத்துக்கொள்வோம். கொழுப்பைக் குறைக்கும் என்று பல்லாண்டுகள் கூறப்பட்டது. 2003இல் அமெரிக்காவில் வெளியான கட்டுப்பாட்டு ஆய்வில், குக்குலு உட்கொண்டோருக்குத் தீய கொழுப்பு குறைவதற்கு மாறாகச் சற்றே உயர்ந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. ஆகவே சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்க இயலாது என்பதற்கு அது சான்று.

அமுக்கரா எனப்படும் அசுவகந்தாவைப் பொறுத்தவரை நிலைமை சற்று நம்பிக்கை தருகிறது. டி.எஸ்.எச். 4.5 முதல் 10 வரை இருந்த 50 பேரிடம் இந்தியாவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், ஒரு பாதியினருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அமுக்கரா வேர்ச்சாரமும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் 8 வாரம் தரப்பட்டன. வேர்ச்சாரம் உண்டவர்களுக்கு டி.எஸ்.எச். குறைந்தது, தைராய்டு சுரப்புகள் உயர்ந்தன. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் 50 பேர், 8 வாரம் என்பது ஒரு கிளையின் இரண்டு மாதக் கணக்கைக் கொண்டு வங்கி முழுவதன் ஐந்தாண்டு நிலையைக் கணிப்பதற்கு ஒப்பாகும். பெரிய, நீண்ட ஆய்வுகள் தேவை.

அமுக்கரா சுரப்பைத் தூண்டும் என்பது உண்மையானால், அதன் மறுபக்கமும் உண்மையாகவே இருக்கும். அதை உட்கொண்ட சிலருக்குத் தைராய்டு மிகுந்து படபடப்பு ஏற்பட்டதாகவும், வேறு சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகவும் மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்துள்ளன. எடை குறைதல், கை நடுக்கம், வியர்வை, விரைந்த நாடி என்று தைராய்டு மிகுதியின் அறிகுறிகள் உள்ளவர்கள், “தைராய்டுக்கு நல்லது” என்ற ஒற்றைச் சொல்லை நம்பி அமுக்கராவைத் தொடக் கூடாது. குறைவுக்கும் மிகுதிக்கும் மக்கள் ஒரே பெயரை வழங்குவதால் நேரும் குழப்பம் இது.

ஒரு நல்ல வைத்தியர் செய்தது

ஜெய்ப்பூரில் எங்களுடன் பணியாற்றிய அதிகாரி ஒருவர், நாற்பத்து மூன்று வயதுப் பெண்மணி, டி.எஸ்.எச். 7.2 என்ற அறிக்கையுடன் அரசு ஆயுர்வேத மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றார். அங்கிருந்த மூத்த வைத்தியர் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, பசி, உறக்கம், மலம், மாதவிடாய், வேலை நேரம் என்று அரைமணி நேரம் விசாரித்தார். அதன்பின் அறிக்கையை எடுத்து, டி-4 எங்கே என்று கேட்டார். அது செய்யப்படவில்லை. எதிர்ப்பொருள் பரிசோதனையும் இல்லை. மருந்து எழுதும் முன் அவ்விரண்டையும் செய்துவரச் சொன்னார். டி-4 இயல்பாகவும், எதிர்ப்பொருள் இல்லை என்றும் வந்தபின்னரே சூரணமும் குக்குலு மாத்திரையும் எழுதினார். கூடவே ஒரு தேதியையும் எழுதினார். அந்தத் தேதியில் மறுபரிசோதனை. எண் 10ஐத் தாண்டினால் தைராக்சின் மாத்திரை தொடங்க உட்சுரப்பியல் மருத்துவரிடம் தாமே கடிதம் தருவதாகச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து எண் 5.1 ஆயிற்று. மலச்சிக்கல் நீங்கியது, எடை இரண்டு கிலோ குறைந்தது, முகத்தில் தெளிவு வந்தது. எது குறைத்தது? மருந்தா, இரவு எட்டு மணிக்குள் முடிந்த உணவா, தினமும் நடந்த ஐந்து கிலோமீட்டரா, தானாகவே குறையும் இயல்பா? பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. வைத்தியரே அப்படித்தான் சொன்னாராம். அந்த நேர்மைக்காகவே அவரிடம் எங்களுக்கு மதிப்பு மிகுந்தது.

எண்களை ஒப்பிடுவதில் தணிக்கையாளரின் கண் ஒன்று இங்கே வேண்டியிருக்கிறது. டி.எஸ்.எச். நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரவின் பிற்பகுதியிலும் அதிகாலையிலும் உயர்ந்து, பிற்பகலில் தாழும். காலை எட்டு மணிக்கு எடுத்த இரத்தத்தில் 6.5 என்று வந்தவருக்கு, மூன்று மாதச் சூரணத்துக்குப் பின் மாலை நான்கு மணிக்கு எடுத்தால் எண் தாழ்ந்தே வரலாம். அதனைச் சூரணத்தின் வெற்றி என்று எழுதிவிட்டால் கணக்கு தப்பு. ஒரே ஆய்வகம், ஒரே நேரம் என்பது முதல் விதி. முடி உதிர்வுக்கென்று பயோட்டின் மாத்திரை உட்கொள்பவர்கள், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். பயோட்டின் சில ஆய்வக முறைகளில் எண்ணையே பிறழச் செய்யும். மருந்தின் அளவு மாறினால் ஆறு வாரம் கழித்தே பரிசோதிக்க வேண்டும். தைராக்சினின் அரை ஆயுள் ஏறத்தாழ ஏழு நாள் என்பதால், உடல் புதிய சமநிலைக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கிறது.

கையொப்பம் பொருந்தாத அம்மையார்

கான்பூர்க் கிளையில் ஒரு நவம்பர் மாதம். ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கும் காலம். பல்லாண்டுகளாக எங்களுக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பணம் எடுக்கும் படிவத்தில் இட்ட கையொப்பம் பதிவிலிருந்த கையொப்பத்தோடு பொருந்தவில்லை. மீண்டும் போடச் சொன்னபோதும் எழுத்துகள் இழுபட்டு வந்தன. விரல்கள் வீங்கியிருந்தன, முகம் உப்பியிருந்தது, குரல் கரகரத்து, ஒவ்வொரு சொல்லாக மெதுவாக வந்தது. வெயில் ஏறிய நேரத்திலும் கம்பளிப் போர்வையை இறுக்கிப் போர்த்தியிருந்தார். கவுன்டரில் இருந்த இளம் அதிகாரிக்குத் தம் தாயாருக்கு முன்பு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. “மாதாஜி, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார். பதினோராண்டுகளாகச் சாப்பிட்ட மாத்திரையை நான்கு மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டதாகவும், தைராய்டை வேரறுக்கும் சூரணம் ஒன்றை விளம்பரம் பார்த்து வாங்கி உட்கொள்வதாகவும் அவர் சொன்னார்.

மகனை வரவழைத்து அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினோம். டி.எஸ்.எச். 80க்கு மேல். இன்னும் சில வாரம் கடந்திருந்தால் நினைவிழக்கும் நிலைக்குச் சென்றிருக்கக்கூடும் என்று மருத்துவர் கூறினாராம். மாத்திரை மீண்டும் தொடங்கி, கையொப்பம் பழைய வடிவுக்கு வர மார்ச் மாதம் ஆயிற்று.

அந்தச் சூரணம் நஞ்சு என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. தீங்கு செய்தது, மாத்திரையை நிறுத்தியது. எதிர்ப்பாற்றலால் அழிந்துபோன சுரப்பியைத் தூண்டுவதற்கு அங்கே சுரப்பி இல்லை. அறுவை சிகிச்சையாலோ கதிரியக்க அயோடினாலோ சுரப்பி நீக்கப்பட்டவர்களுக்கும் அதே நிலை. இவர்களுக்குத் தைராக்சின் மாத்திரை, உடலில் இல்லாத பொருளை ஈடுசெய்வது மட்டுமே. அதனைச் சூரணம் ஈடுசெய்யாது. கற்றறிந்த ஆயுர்வேத மருத்துவர் எவரும் அதை நிறுத்தச் சொல்வதில்லை.

காத்திருக்கக் கூடாதவர்கள்

கருவுற்றவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இந்த வரிசையில் முதலில் நிற்கிறார்கள். முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராக்சின் தாயிடமிருந்தே வர வேண்டும். குழந்தையின் சுரப்பி அப்போது இன்னும் பணி தொடங்கியிராது. மற்றவர்களுக்கு லேசானது என்று விட்டுவைக்கக்கூடிய எண், கருவுற்றவருக்கு உடனே கவனிக்க வேண்டிய எண்ணாகிவிடுகிறது. ஏற்கெனவே மாத்திரை உட்கொள்பவருக்கு, கரு உறுதியானதும் அளவைக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டிவருவதும் உண்டு. குக்குலுவும் அமுக்கராவும் கருக்காலத்தில் தவிர்க்க வேண்டியவை. மூன்று மாதம் சூரணம் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று மருமகளிடம் சொல்லும் அன்பான மாமியார்களுக்காகவே இதனை அழுத்திச் சொல்கிறோம். போய்விடும் அந்த மூன்று மாதம் திரும்பி வராது.

டி.எஸ்.எச். 10க்கு மேல் இருப்பவர்கள், டி-4 குறைந்துவிட்டவர்கள், குழந்தைகள், இதய நோயுள்ளவர்கள், கழுத்தில் கட்டி தென்படுபவர்கள் ஆகியோரும் முதலில் உட்சுரப்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கட்டிக்கு ஸ்கேன் பார்க்காமல் காஞ்சனாரம் உட்கொண்டு காத்திருப்பது பெருந்தவறு.

இரண்டையும் சேர்த்து உட்கொள்பவர்களுக்கு

தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, உணவுக்கோ காப்பிக்கோ முன் அரைமணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. கால்சியமும் இரும்பும் அம்மாத்திரை குடலில் ஏறுவதைத் தடுக்கும் என்பதால், அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதையும் மருத்துவர்கள் சொல்வதுண்டு. பலரும் அறியாதது, சங்கு பற்பமும் பவழ பற்பமும் கால்சியமே. மண்டூரமும் அயச்செந்தூரமும் இரும்பே. பெயர் வேறானாலும் வேதிப்பொருள் ஒன்று. நெஞ்செரிச்சலுக்கு வைத்தியர் தந்த சங்கு பற்பத்தைத் தைராக்சினுடன் சேர்த்து விழுங்கிவிட்டு, மாத்திரை வேலை செய்யவில்லை என்று குறைகூறுவோரும் உண்டு. எந்த மருந்தைத் தொடங்கினாலும் இரு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுவது, இருவரின் தொழிலுக்கும் செய்யும் மரியாதை.

வாங்கும் பொட்டலத்தில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உட்பொருள் பட்டியல் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பாதரசம், கந்தகம் சேர்ந்த ரச மருந்துகள் வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ளத் தக்கவை. இணையம் வழியே விற்கப்பட்ட 193 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தது. பெயரில்லாத டப்பாவில் தரப்படும் தூளை வாங்குவது, பெறுநர் பெயர் இல்லாத காசோலையில் கையொப்பமிடுவதற்குச் சமம். மேலும் ஒரு செய்தி. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் கழுத்துக்கழலையும் இடம்பெற்றுள்ளது. அதனைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். விளம்பரம் உரக்க ஒலிக்கும்போது, சட்டம் அதை அனுமதித்ததா என்று ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

தட்டில் இருப்பவை

ஆயுர்வேதத்தின் மிகப் பெரிய துணை மருந்தைவிட உணவிலும் ஒழுங்கிலும் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. கலகண்டத்துக்குப் பத்தியமாகச் சொல்லப்படும் வாற்கோதுமையும் பச்சைப் பயறும், கபத்தைத் தணிக்கும் கொள்ளு, சுக்கு, மிளகு ஆகியவையும், லேசான தைராய்டு குறைவால் மந்தப்பட்ட உடலுக்கு எவ்விதத் தீங்கும் செய்யா. பகலுறக்கம், இரவில் தயிர், முதல் உணவு செரிக்கும் முன் அடுத்த உணவு ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வதும் அவ்வாறே. முட்டைக்கோசைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடிப்பது வேண்டாம். வேகவைத்துப் பொரியலாக உண்பதில் அச்சமில்லை. ராஜஸ்தானில் குளிர்கால மாதங்களில் மூன்று வேளையும் கம்பு ரொட்டி உண்பார்கள். கம்பில் தைராய்டின் பணியைச் சற்றே தடுக்கும் பொருள் உண்டு என்பதால், குறைவுள்ளவர்கள் அதனையே முழு உணவாகக் கொள்ளாமல் மற்ற தானியங்களோடு மாற்றி உண்பது நல்லது.

உடல் எடையைப் பற்றியும் ஒரு சொல். தைராய்டு குறைவினால் கூடும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோவுக்குள் அடங்கிவிடும். அதிலும் பெரும்பகுதி நீரும் உப்பும். பதினைந்து கிலோ கூடியதற்குத் தைராய்டின்மேல் முழுப் பழியையும் சுமத்தினால், பாவம், அந்த 20 கிராம் சுரப்பி தாங்காது.

செலவைப் பற்றி வாசகர்கள் கேட்பதுண்டு. தைராக்சின், தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்று விலைக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. பிரபலப் பெயர்களில் விற்கும் சூரணங்களைவிட மாதச் செலவு குறைவாகவே வரும். மருத்துவக் காப்பீட்டில் ஆயுஷ் சிகிச்சையை மற்றச் சிகிச்சைகளுக்கு இணையாக நடத்த வேண்டும் என்னும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் அது பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பயன்படும். புறநோயாளியாக வாங்கும் சூரணத்துக்கும் கஷாயத்துக்கும் பாலிசியில் தனியே இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வருமானவரி முறையில், மொத்த வரம்புக்குள் ரூ. 5,000 வரை முன்தடுப்பு உடற்பரிசோதனைச் செலவுக்குக் கழிவு உண்டு. காப்பீட்டுப் பிரீமியத்தைப் போலன்றி, இதனை ரொக்கமாகச் செலுத்தியிருந்தாலும் ஏற்பார்கள்; ஆய்வகத்தின் ரசீதைப் பத்திரப்படுத்தி வைத்தால் போதும்.